இருபத்துமூன்று டிகிரி இடப்பக்கம்

வேலைக்குச் சேர்ந்த இருபத்தாறாம் நாள் காலை, நேர்காணலின்போது தன் கண்கள் பதினான்கு முறை இடப்பக்கம் போயிருக்கின்றன என்பதைத் தாட்சாயிணி ஒரு மின்னஞ்சல் மூலம் தெரிந்துகொண்டாள். அனுப்பியவர் பெயர் இல்லை. அடியில் ‘டிரஸ்ட் ஆபீஸ், ஆறாவது மாடி’ என்று மட்டும் இருந்தது. ‘இது வழக்கமான சந்திப்பு. பதற்றம் வேண்டாம். பதினொரு மணிக்குக் கைப்பையுடன் வரவும்’ என்று முடித்திருந்தார்கள்.

கைப்பை எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்களுக்குப் புரிந்தது. அவர்கள் அவளைப் பார்ப்பதை அப்போதே நிறுத்திவிட்டார்கள்.

ஸெல்வாண்டா குளோபல் சிஸ்டம்ஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. பதினான்காயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஆவடியிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்காரர்கள் அதைச் ‘செல்வாண்ட’ என்பார்கள். “செல்வாண்ட எறங்கறவங்க ரெடியாவுங்க” என்று, யாரோ செல்வம் என்பவர் வீட்டருகே வண்டி நிற்கப்போவதுபோலக் குரல் கொடுப்பார்கள். தாட்சாயிணியின் அப்பா வேம்புலியும் அப்படிக் குரல் கொடுத்தவர்தான். கோவில்பதாகையில் அவர் குடும்பத்துக்கு முன்பு நெல் விளையும் நிலம் இருந்தது; இப்போது ஷேர் ஆட்டோ இருக்கிறது. மகள் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் போக ஆரம்பித்த நாளிலிருந்து, அந்த நிறுத்தத்தில் மட்டும் அவர் “ஸெல்வாண்டா குளோபல் சிஸ்டம்ஸ்” என்று முழுப்பெயரையும் சொல்லி வண்டியை நிறுத்தினார்.

தாட்சாயிணிக்கு இருபத்தைந்து வயது. பூந்தமல்லியில், பள்ளிக்கூடங்களுக்கு மென்பொருள் எழுதித்தரும் எட்டுப் பேர் அலுவலகம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். ஸெல்வாண்டாவின் ஐந்து சுற்று நேர்காணல்களையும் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவிலேயே முடித்தாள். கடைசிச் சுற்று ஐம்பத்திரண்டு நிமிடம் நடந்தது. நூற்றுக்கு எண்பத்துநான்கு வாங்கினாள். ஒரு ஆஸ்திரேலிய இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பழைய மென்பொருளில் பிழை திருத்தும் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆறாவது மாடியில், ஊழியர்களின் நம்பகத்தைச் சரிபார்க்கும் டிரஸ்ட் ஆபீஸின் கதவு இரண்டு அட்டைகளைக் காட்டினால்தான் திறக்கும். ஒன்று உள்ளே போகிறவருடையது. மற்றது அவர்தான் இவர் என்று சொல்ல வருகிறவருடையது. உள்ளே கிருஷ்ணப்பிரியா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

“உக்காருங்க தாட்சாயிணி. அந்தப் பேர்லயே கூப்பிடலாம் இல்ல?”

“அதுதான் மேடம் என் பேரு.”

“இப்போதைக்கு அப்படியே வெச்சுக்கலாம்” என்று அவர் புன்னகை செய்தார். “முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நாங்க யாரையும் சந்தேகப்படறதில்ல. சந்தேகம்ங்கிற வார்த்தைக்கே எங்க டிபார்ட்மென்ட்ல தடை இருக்கு. ‘இன்னும் நம்பல’ன்னுதான் எழுதுவோம். பதினாலாயிரம் பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரையும் இன்னும் நம்பாம இருக்கறதுக்கு எவ்வளவு உழைப்பு தேவைன்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நேர்காணலில் பதில் சொல்வதும், மறைவில் நின்று விடை எடுத்துக் கொடுப்பதும் ஊரில் பெருகிவிட்டன. அதனால் நேர்காணல் வீடியோக்களை எல்லாம் ஒரு மென்பொருள் பார்க்கிறது. அது தாட்சாயிணியின் கண்களை எண்ணியிருக்கிறது.

“மத்தவங்க சராசரியா மூணு தடவ பாக்கறாங்க. நீங்க பதினாலு.”

“பாக்கவே பாக்காதவங்க யாரும் இல்லையா மேடம்?”

“இருக்காங்க. அவங்களத் தனியா விசாரிக்கிறோம். மனுஷனால அப்படி அசையாம இருக்க முடியாது.”

தாட்சாயிணி நடந்ததைச் சொன்னாள். கூடத்துக்கு இடப்பக்கம் சமையலறை. அன்றைக்கு அம்மா குக்கரில் பருப்பு வைத்திருந்தாள். நடுவில் விசில் அடித்துவிடுமோ என்று பயந்து பயந்து அந்தப் பக்கம் பார்த்தாள். அம்மா சமையலறை வாசற்படியில், அதை ஒட்டியிருந்த அடுப்பருகே இடுக்கியோடு நின்று, ஆவி ஏறும்போதெல்லாம் குக்கரின் வெயிட்டைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விசில்கூட அடிக்கவில்லை.

கிருஷ்ணப்பிரியா முழுவதையும் கேட்டுவிட்டு, ‘குக்கர் (கூறப்படுவது)’ என்று எழுதிக்கொண்டார். அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பச்சைப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஊதாப் பட்டை கொடுத்தார். ஊதா என்றால் சரிபார்ப்பில் இருப்பவர் என்று பொருள்.

கீழே வந்ததும் யூசுப்பைத் தேடிப் போனாள். கடைசிச் சுற்றில் ஐம்பத்திரண்டு நிமிடமும் அவளைக் கேள்வி கேட்டவர் அவர்தான். அவளுடைய டீம் லீடும் அவரே. பேசியது இவள்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள்.

யூசுப் தன் சட்டைக்குள்ளிருந்து கழுத்துப் பட்டையை இழுத்துக் காட்டினார். அதுவும் ஊதா.

“ரெண்டு வருஷமா இதான் தாட்சா. பழகிப்போச்சு. நான் சாட்சி சொன்னா செல்லாது. உன்ன செலக்ட் பண்ணவனே நான்தான். நீ திருட்டுன்னா நானும் கூட்டு. நீ நல்ல பொண்ணுன்னு வெச்சுக்கோ, இவ்ளோ பேர்ல கரெக்டா நல்ல பொண்ண எப்படிப் புடிச்சேன்னு அதுக்கு ஒரு விசாரணை வரும்.”

“அப்ப நான் இன்னாதான் சார் பண்றது?”

“மறுபடி இன்டர்வியூ வெப்பாங்க. நல்லா பண்ணு.” சற்று யோசித்துவிட்டு, “ரொம்ப நல்லா பண்ணாத” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் மூன்று அந்நியர்கள் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணை அசைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, தொண்ணூற்று மூன்று வாங்கினாள். சந்தோஷமாக ஆறாவது மாடிக்குப் போனாள்.

“முதல்ல எண்பத்துநாலு. இப்ப தொண்ணூத்து மூணு. அப்ப பேசினது வேற ஆளுன்னுதானே அர்த்தம்?” என்றார் கிருஷ்ணப்பிரியா.

“நாலு வாரமா அதே வேலைதானே மேடம் பண்ணிட்டு இருக்கேன். கத்துக்கிட்டேன்.”

“இங்க யாரும் நாலு வாரத்துல எதுவும் கத்துக்கறதில்ல தாட்சாயிணி. எங்ககிட்ட பதினோரு வருஷ டேட்டா இருக்கு.”

இன்னொரு நேர்காணல் வைத்தார்கள். இம்முறை அவள் முதல்நாளே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் இருக்கும், எதைக் கோட்டைவிட்டால் எவ்வளவு குறையும் என்று பார்த்து வைத்துக்கொண்டாள். தெரிந்த மூன்று கேள்விகளுக்குத் தெரியாதவள்போல விழித்தாள். எண்பத்துநான்கு வந்தது. புள்ளி பிசகவில்லை.

“ஒருத்தர் ரெண்டு தடவையும் அதே மார்க் வாங்க வாய்ப்பே இல்ல” என்றார் கிருஷ்ணப்பிரியா. “திட்டம் போட்டு வாங்கியிருக்கீங்க.”

அது உண்மை என்பதால் தாட்சாயிணிக்குப் பேச்சு வரவில்லை. அந்த மௌனத்தையும் அவர் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எல்லாருக்கும் மைசூர்பாக் கொடுத்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது.

“பருப்ப நான் அப்பால வெச்சிருக்கணும்” என்று வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எல்லாம் என்னாலதான். உங்க நைனா ஒரு மணிக்கு சோத்துக்கு வந்துடுமேன்னு வெச்சேன்.”

“என்ன ஏன் இழுக்கற?” என்றார் வேம்புலி. பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலை இறக்கிக்கொண்டு கேட்டார். “தாச்சா, நம்மளுக்குள்ள இருக்கட்டும். மெய்யாலுமே நீதானே பேசுனே?”

தாட்சாயிணி அப்பாவையே பார்த்தாள். அவர் கேட்ட விதம்தான் அவளுக்குப் புதிதாக இருந்தது. திட்டவில்லை, கோபமும் இல்லை. கிருஷ்ணப்பிரியாவைப்போலவே இதமாகக் கேட்டார்.

“நீ கேக்கற கேள்வியா இது?” என்று வசந்தா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு வாரம், எஸ்டேட் நிறுத்தத்தில் அவர் முழுப்பெயரைச் சொல்லாமல் “செல்வாண்ட” என்றே சொன்னார்.

சனிக்கிழமை வீட்டைப் பார்வையிட ஆள் வந்தது. டிரஸ்ட் ஆபீஸின் ஆய்வாளர் ராகேஷ். முப்பது வயதுக்காரர். தோளில் கேமரா ஸ்டாண்டு, கையில் அளக்கும் கருவி, பையில் கோணமானி. வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தின் நீள அகலத்தை அளக்க ஆரம்பித்தார்.

“ஊட்ட அளக்கறீங்களே சார், பட்டா எடுத்தாறவா?” என்று கேட்டார் வேம்புலி.

“இடத்துக்கு இல்ல அங்கிள். பார்வைக்கு.”

நடந்ததை அப்படியே நடத்திக் காட்டச் சொன்னார் ராகேஷ். தாட்சாயிணி அதே சுடிதாரைப் போட்டுக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். வசந்தா அதே குக்கரில் துவரம்பருப்பு வைத்து, இடுக்கியோடு வாசற்படியில் நின்றாள். யூசுப் அன்று கேட்ட கேள்விகளை ராகேஷ் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ஐம்பத்திரண்டு நிமிடம். வேம்புலி மின்விசிறியைக்கூடப் போடாமல் மூலையில் நின்றார்.

“பதினோரு தடவதான் பாத்திருக்காங்க. மூணு குறையுது” என்றார் ராகேஷ், முடிந்ததும்.

“அன்னிக்கி பருப்பு பழசு சார். வேக நேரமாச்சு. இது நேத்து வாங்குனது” என்றாள் வசந்தா.

ராகேஷ் அதைக் குறித்துக்கொண்டார். கோணமானியை வைத்துப் பார்த்தார். பார்வை போன கோணம் இருபத்துமூன்று டிகிரி இடப்பக்கம். நூல் பிடித்ததுபோலச் சமையலறை வாசற்படியில் போய் முடிந்தது. தாட்சாயிணிக்கு மூச்சு வந்தது. அவள் சொன்னதெல்லாம் உண்மை என்று கருவியே சொல்லிவிட்டது.

ராகேஷ் நிமிர்ந்து வாசற்படியில் நின்ற வசந்தாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இன்டர்வியூ முழுக்க இந்த இடத்துல நின்னது நீங்கதானா?”

“ஆமா சார். நவுரவே இல்ல.”

“என்ன படிச்சிருக்கீங்க?”

“எட்டாவது. அப்பால போவல.”

“ஏன் போகல?”

“எங்க ஆயாவுக்கு ஒடம்பு முடியல. அது இன்னாத்துக்கு இப்ப?”

ராகேஷ் கேள்வித்தாளைப் புரட்டினார். “சும்மா கேக்கறேன். இண்டெக்ஸ்னு ஒண்ணு போடறோமே, அது எதுக்கு?”

“அம்மாவ ஏன் சார் கேக்கறீங்க?” என்று தாட்சாயிணி எழுந்தாள். ராகேஷ் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

வசந்தா யோசித்தாள். “பொஸ்தகத்துல கடைசி பக்கத்துல இருக்குமே, அதுவா? எது எங்க கீதுன்னு முழுசா பொரட்டாம கண்டுபுடிக்க.”

ராகேஷின் பேனா நின்றது. தகவல் கிடங்குகளைப் பற்றிய அந்தக் கேள்விக்குத் தாட்சாயிணி அன்று சொன்ன பதிலும் ஏறக்குறைய அதுதான். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டார். “ரெண்டு பேர். அவன்கிட்ட இருக்கறத அவன் குடுத்தாதான் நகருவேன்னு இவன் சொல்றான். இவன்கிட்ட இருக்கறத இவன் குடுத்தாதான் நகருவேன்னு அவன் சொல்றான். ரெண்டு பேரும் விட மாட்டேங்கறாங்க. என்ன பண்ணலாம்?”

“எவனாச்சும் ஒருத்தன ரிவர்ஸ் எடுக்கச் சொல்லணும். வேறின்னா பண்றது? ரயில்வே கேட்டாண்ட தெனம் அதானே நடக்குது. இவரக் கேளுங்க.”

வேம்புலி தலையாட்டினார். ராகேஷ் மட்டும் ஆட்டவில்லை. இரண்டு மென்பொருள் வேலைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது, ஒன்றைப் பின்வாங்க வைக்கவேண்டும் என்பதுதான் விடைத்தாளிலும் இருந்தது. அவர் வேகவேகமாக எழுதினார். வசந்தா நீட்டிய மோரை வாங்கவில்லை. அதை அன்பளிப்பு என்று கணக்கில் காட்டவேண்டி வருமாம். ஷூவைச் சரியாகக்கூட மாட்டாமல் கிளம்பிப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் வேம்புலி மனைவி பக்கம் வந்தார்.

“இதெல்லாம் நீ எங்க கத்துகினே?”

“எதெல்லாம்?”

“அதான், அந்தாளு எழுதிகினானே.”

“போய் குளி. பருப்பு வெந்துடுச்சு” என்றாள் வசந்தா.

அறிக்கை புதன்கிழமை வந்தது. நேர்காணலின் விடைகள் வாசற்படியில் நின்ற தாயாரிடமிருந்து வந்திருக்கக்கூடிய வாய்ப்பு எழுபத்தொரு சதவீதம். மகளிடமிருந்து வந்திருக்கக்கூடிய வாய்ப்பு இருபத்தொன்பது. வெள்ளிக்கிழமை இருவரும் குழுவின் முன் வரவேண்டும்.

வசந்தா கல்யாண வீடுகளுக்குக் கட்டும் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, டிபன் கேரியரில் எலுமிச்சை சாதத்தோடு வேம்புலியின் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் கேரியரைத் தட்டுத் தட்டாகப் பிரித்துச் சோதனைக் கருவியில் விட்டுப் பார்த்தார்கள். ஆறாவது மாடியில் கிருஷ்ணப்பிரியாவும் ராகேஷும் இருந்தார்கள். நடுவில் வரதன் உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலிய இன்சூரன்ஸ் வேலை முழுவதற்கும் அவர்தான் தலைவர். தாட்சாயிணி அவரைச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் மட்டும் பார்த்திருந்தாள்.

“அம்மா, பயப்படாதீங்க” என்று தொடங்கினார் கிருஷ்ணப்பிரியா. “இது விசாரணை இல்ல, உரையாடல். இந்த நிறுவனம் ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம் இல்லையா, அதுக்காகத்தான் ஒவ்வொரு மாடியிலயும் இருநூறு கேமரா வெச்சிருக்கோம். நீங்க பொண்ணுக்காக ஒரு நல்லெண்ணத்துல விடை சொல்லிக் குடுத்திருக்கலாம். ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் சுலபம்.”

“நான் வெயிட்ட தூக்கிகினு இருந்தேம்மா. வேற ஒண்ணும் தூக்கல.”

“எங்க சாப்ட்வேர் வேற மாதிரி சொல்லுது.”

வசந்தா மகளைப் பார்த்தாள். தாட்சாயிணி குனிந்து ஊதாப் பட்டையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வசந்தா நாற்காலியின் முனைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நான் ஒண்ணு கேக்கட்டா? எம் பொண்ணு இங்க வந்து ரெண்டு மாசம் ஆவப்போவுது. தெனம் காலையில வந்து பொழுது சாஞ்சு போறா. வேல செஞ்சிருக்கா இல்ல? அன்னிக்கி நான்தான் சொல்லிக்குடுத்தேன்னு வெச்சுக்கோங்க. இந்த ரெண்டு மாசமா யார் சொல்லிக்குடுத்தது? நான் ஊட்ல இல்ல கீறேன்?”

வரதன் முதல்முறையாகக் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“நியாயமான கேள்வி. அந்தப் பொண்ணோட வேலை எப்படி இருக்கு?”

கிருஷ்ணப்பிரியா ராகேஷைப் பார்த்தார். ராகேஷ் கோப்பைப் புரட்டினார். நூற்று நாற்பது பக்கம் இருந்தது. சமையலறைப் படம் இருந்தது. குக்கரின் படம்கூட இருந்தது.

“வேலையப் பாக்கறது எங்க டிபார்ட்மென்ட்டோட வரம்புல இல்ல சார். உங்களுதுன்னு நெனச்சோம்” என்றார் கிருஷ்ணப்பிரியா.

“எங்களுது இல்லையே” என்றார் வரதன். “நாங்க எத்தன பேர் வேலை செய்யறாங்கன்னு பாக்கறோம். என்ன செய்யறாங்கன்னு கிளையண்ட் பாத்துப்பாங்க.”

தாட்சாயிணி தலையைத் தூக்கினாள். “நாப்பத்தொரு பிழை சரி பண்ணியிருக்கேன் சார். லிஸ்ட் இருக்கு.”

“அது நீங்க சொல்றது” என்றார் கிருஷ்ணப்பிரியா இதமாக.

ஆனாலும் வசந்தாவின் கேள்வி கோப்பில் ஏறிவிட்டது. அதற்கு ஒரு பதில் எழுதியாகவேண்டும். திங்கட்கிழமை ஆணை வந்தது. விடை சொன்னவர் யார் என்பது உறுதியாகும்வரை, நிறுவனம் தேர்ந்தெடுத்தது தாட்சாயிணி, வசந்தா இருவரும் சேர்ந்த திறனைத்தான் என்று கொள்ளப்படும். எனவே தாட்சாயிணி இனி நேர்காணலின்போது நிலவிய அதே சூழலில் மட்டுமே வேலை செய்யலாம். வசந்தாவுக்கு இருபத்துமூன்று டிகிரி இடப்பக்கம் ஒரு நாற்காலி போடப்படும்.

தாட்சாயிணி வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். “திருட்டுப் பட்டத்தோடயா வருவே?” என்றாள் வசந்தா. “மூணு மாசம் முடிய இன்னும் அஞ்சு வாரம்தானே. நான் வரேன். உக்காந்துகினு இருக்கறதுல இன்னா கஷ்டம்?”

நாற்காலியைத் தரையோடு சேர்த்துத் திருகி வைத்திருந்தார்கள். வசந்தா தினமும் ஒன்பது மணிக்கு வந்து அதில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள் ஆய்வதற்கு முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். நேர்காணலின்போது கீரை இல்லை என்று ராகேஷ் வந்து வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் யூசுப்புக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தாள். இரண்டாவது வாரத்தில் மற்ற மாடிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து, அவள் பக்கத்தில் நின்று தங்கள் வீட்டுக்கதைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏன் என்று கேட்டால், இந்தக் கட்டடத்தில் சொன்னதை எழுதிக்கொள்ளாமல் கேட்கிற ஒரே ஆள் அவர்தான் என்றார்கள்.

தாட்சாயிணிக்கு அவமானமாகத்தான் இருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. அம்மா யாரிடமாவது பேசினால் என்ன பேசினாள் என்று வீட்டுக்குப் போய் நோண்டி நோண்டிக் கேட்டாள். யூசுப் ஒருநாள் டீ வாங்கித் தந்தபோது, எதற்காக வாங்கித் தருகிறார் என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தாள். இவ்வளவுக்கும் நடுவில் பிழைகளைத் திருத்திக்கொண்டும் இருந்தாள். எண்ணிக்கை அறுபது தாண்டியது.

மூன்று மாதம் முடிந்த அன்று இருவரையும் மேலே கூப்பிட்டார்கள். தாட்சாயிணிக்குப் பச்சைப் பட்டை வரும் என்று யூசுப்பே சொல்லியிருந்தார்.

வரதன் எழுந்து நின்று வசந்தாவுக்குக் கைகூப்பினார்.

“உங்க அஞ்சு வார ரிப்போர்ட் பாத்தேன் மேடம். ஒருநாளும் லேட் இல்ல. புகார் இல்ல. லீவ் இல்ல. தேவையில்லாத கேள்வி இல்ல. இந்த மாடியிலயே உயர்ந்த மதிப்பெண் உங்களுக்குத்தான். எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. ரெண்டு நாற்காலி போட்டிருக்கோம், அனுமதி ஒரு ஆளுக்குத்தான் இருக்கு. திறமையில எழுபத்தொரு சதவீதம் உங்களுதுன்னு அறிக்கை சொல்லுது. எழுபத்தொண்ண வெச்சுக்கிட்டு இருபத்தொம்பத விடறதுதான் நிர்வாகம்.”

கிருஷ்ணப்பிரியா ஒரு காகிதத்தை வசந்தாவின் முன்னால் நகர்த்தினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. வசந்தா அதை மகளிடம் நீட்டினாள். தாட்சாயிணி படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். திருமதி வசந்தா வேம்புலி முதுநிலைப் பொறியாளராக நியமிக்கப்படுகிறார். அதே தேதியில் செல்வி தாட்சாயிணி விடுவிக்கப்படுகிறார்.

வசந்தா காகிதத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வசந்தா மேடம்” என்றார் கிருஷ்ணப்பிரியா. அவர் குரலில் ஏதோ மாறியிருந்தது. “பேப்பர் உங்க முன்னாடி இருக்கு. ஆனா உங்க கண்ணு வலப்பக்கமே போகுதே.”

“எம் பொண்ணு அங்கதான கீறா.”

“அவங்க சொல்லச் சொல்லத்தான் உங்களுக்குப் புரியுது. இல்லையா?”

“ஆமா. எனுக்கு இங்கிலீசு தெரியாதே.”

கிருஷ்ணப்பிரியா வரதனைப் பார்த்தார். வரதன் நியமனக் காகிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ராகேஷ் பையிலிருந்து புதுக் கோப்பு ஒன்றை எடுத்து மேலே தேதி போட்டார்.

“அப்படின்னா, அன்னைக்கு வீட்டுல வசந்தா மேடம் சொன்ன பதில்களையும் யாரோ எடுத்துக் குடுத்திருக்க வாய்ப்பு இருக்கு சார்” என்றார் அவர். “தாட்சாயிணி அப்ப அதே ரூம்லதான் இருந்தாங்க.”

“விசாரிக்கணும்” என்றார் கிருஷ்ணப்பிரியா. “தாட்சாயிணி, நீங்க எவ்வளவு நாளா உங்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கீங்க?”

தாட்சாயிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. நான்கு வாரம் கழித்து இவர்கள் மறுபடி கோணமானியோடு கோவில்பதாகைக்கு வருவார்கள். எல்லாவற்றையும் அளந்து, பதில்களெல்லாம் தாட்சாயிணியுடையவைதான் என்று கண்டுபிடிப்பார்கள். அதைக் குற்றமாக எழுதுவார்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஊதாப் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“வாம்மா போலாம்.”

“கேரியர் கீழ கீதுடி” என்றாள் வசந்தா. எழுந்து, எதிரே இருந்த மூன்று பேருக்கும் தனித்தனியாக “வரேன்” சொல்லிக்கொண்டாள்.

வேலையை விடுவதாக அவள் எழுதி அனுப்பிய கடிதம் இன்றுவரை ஏற்கப்படவில்லை. கையெழுத்து தாட்சாயிணியுடையதுதானா என்பது சரிபார்ப்பில் இருக்கிறது. வேம்புலி வாரம் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாசலில் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். அவரிடமும் அடையாள அட்டை கேட்கிறார்கள். “பேஜாரு புடிச்ச எடம்” என்று பயணிகளிடம் சொல்கிறார். அங்கே இறங்குகிறவர்கள் பதில் பேசுவதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அயனம்பாக்கத்தில் ஒரு சின்ன நிறுவனத்திலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மாடியில் இரண்டு அறை. லாரிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துச் சொல்லும் மென்பொருள் செய்கிறார்கள். முதலாளி தங்கவேல் ஐம்பது வயதுக்காரர். அவரே கேள்வி கேட்டார். தாட்சாயிணி நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அவர் மூக்கின்மேல் பார்வையை நிறுத்தி, இமைக்காமல் பதில் சொன்னாள். கால்மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, கழுத்து சுளுக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப ஏன் இப்படி உக்காந்திருக்க? எனக்கு பயமா இருக்கு. அங்க இங்க பாத்துதான் யோசியேன். ஜன்னலாண்ட ஏரி தெரியும் பாரு.”

இதில் என்ன சூது இருக்கும் என்று தாட்சாயிணி யோசித்தாள். மேலே சுவரின் மூலைகளைப் பார்த்தாள். ஒரு பல்லி மட்டும் இருந்தது.

“பாக்கலாமா சார்?”

“ஏரிதானேம்மா” என்றார் தங்கவேல்.

அவள் தலையைத் திருப்பினாள். தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது. ஆகாயத்தாமரைக்கு நடுவில் இரண்டு எருமைகள் நின்றன. கரையிலிருந்து யாரோ கத்திக் கூப்பிட்டும் அவை அசையவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் மனம் வந்து கரையேறியது. அதுவரை பார்த்திருந்துவிட்டு, கேள்வி என்ன என்று அவரிடம் மறுபடியும் கேட்டாள்.